கலைச்சொல்: நத்தை அற்றுப்போன ஊற்றில் மறுபடி நத்தை விடுவதற்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில், சல்ஃபர் மலைச் சரிவின் வெந்நீரூற்றுகளில் மட்டுமே வாழும் பைசெல்லா ஜான்சோனி நத்தையைப் பற்றிக் கட்டுரை தயாராகிறது. 1926இல் விவரிக்கப்பட்ட இனம். ஒரு காலத்தில் 9 ஊற்றுகளில் இருந்தது, பிறகு 5இல்தான் மிஞ்சியது. 2002இல் அப்பர் மிடில் ஊற்றிலும் 2003இல் கிட்னி ஊற்றிலும் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். இந்த 'ரீஇன்ட்ரொடக்‌ஷன்' தான் சிக்கல். நாளிதழ்கள் 'மறு அறிமுகம்' என்கின்றன. நத்தையை யாருக்கு அறிமுகம் செய்கிறோம்? 'மீள்குடியேற்றம்' போட்டுவிடலாமா?

– செ., கோவை

-----

செ. ஐயாவுக்கு வணக்கம்.

//மீள்குடியேற்றம் போட்டுவிடலாமா?//

தயவுசெய்து வேண்டாம். இலங்கையில் அந்தச் சொல் போரால் இடம்பெயர்ந்த சனங்களுக்கு உரியது, அமைச்சின் பெயரிலேயே இருந்தது. அதை வாசிக்கும் எவருக்கும் முகாமும் காணிப் பிரச்சினையும்தான் முதலில் மனதில் வரும். 'வெந்நீரூற்று' சரியே, திருகோணமலைக் கன்னியா ஊற்றுகளை நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.

– ய., யாழ்ப்பாணம்

-----

சொல்லைத் தேடுமுன் அது எவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று பார்ப்போம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) 2013 வழிகாட்டி காப்புக்கான இடமாற்றத்தை இரண்டாக வகுக்கிறது. இனத்தின் சொந்த வாழிடப் பரப்புக்குள் விடுவது ஒன்று, அதற்கு வெளியே விடுவது இன்னொன்று. உள்ளே விடுவதிலும் இரண்டு உண்டு. ஏற்கெனவே சில உயிர்கள் இருக்கும் இடத்தில் கூட்டி விட்டால் ஒரு பெயர், முற்றிலும் அற்றுப்போன இடத்தில் விட்டால் வேறு பெயர். பான்ஃபில் நடந்தது இந்தக் கடைசி வகை. 'மறு அறிமுகம்' எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறது. மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் 2022இல் விட்ட சிவிங்கிப்புலிகளையும் அப்படித்தான் எழுதினார்கள். வந்தது ஆப்பிரிக்கத் துணையினம், இந்தியாவில் அற்றுப்போனது ஆசியத் துணையினம். அது எந்த வகையில் சேரும் என்பதே விவாதம்.

இரண்டாவது, செயலையும் விளைவையும் பிரிக்க வேண்டும். இந்த நத்தையில் அது மிக முக்கியம். எண்ணிக்கை குளிர்காலத்தில் உச்சத்துக்கு ஏறும், கோடையில் அடிமட்டத்துக்கு விழும். ஒரே ஊற்றில் ஒரே ஆண்டுக்குள் பல மடங்கு வேறுபடும். ஆகவே விடுவதற்கான நத்தைகளைத் தாய் ஊற்றிலிருந்து எடுப்பதை உச்சத்தின்போது வைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் எடுத்தால் ஏற்கெனவே மெலிந்த கூட்டத்தில் கைவைப்பதாகும். புது ஊற்றில் விட்ட பிறகு ஒரு குளிர்காலத்துக் கணக்கைப் பார்த்து வெற்றி என்று எழுதவும் கூடாது. சில வார இடைவெளியில் ஆண்டுக்கணக்கில் எண்ணி, கோடைத் தாழ்வைப் பலமுறை தாண்டுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். விட்டது ஒரு நாள் வேலை, நிலைத்ததா என்பது பல ஆண்டுக் கேள்வி. ஒரே சொல் இரண்டையும் சுமந்தால் கட்டுரை பொய் சொல்லும்.

இடையில் ஒன்று. முதல் வரைவில் இதை 'ஊற்று நத்தை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரை அமெரிக்காவின் பிர்குலாப்சிஸ் பேரினத்துக்கு விட்டுவைக்கலாம். ஐடஹோவின் புருனோ நத்தை அதில் ஒன்று. பாசனத்துக்கு நிலத்தடி நீரை இறைத்ததால் அதன் வெந்நீரூற்றுகள் வற்றின, 1993இல் அருகிய இனப் பட்டியலில் சேர்ந்தது. அவற்றுக்குச் செவுளும் ஓட்டுவாயை அடைக்கும் மூடியும் உண்டு, ஆணும் பெண்ணும் தனித்தனி. பான்ஃப் நத்தைக்கு மூடி கிடையாது, ஓடு இடஞ்சுழி, இருபாலி, காற்றைச் சுவாசிப்பது. அதனால்தான் ஆக்சிஜன் குறைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகுந்த ஊற்றுவாய் அருகே, நீர்மட்டத்தை ஒட்டிய நுண்ணுயிர்ப் படலத்தின் மேல் பிழைக்கிறது. சுமார் 5 மி.மீ. உருவம். யாராவது காலை நனைத்தால் நசுங்குவது அந்தப் படலமும் அதிலுள்ள முட்டைகளும்தான். கையில் பூசிய கொசுவிரட்டியும் கரைந்து நீரில் கலக்கும்.

– மு., சென்னை

-----

மு. ஐயா சொல்வது புரிகிறது. அப்படியானால் 'மீள்நிறுவல்'?

– செ.

-----

'நிறுவல்' விளைவைச் சொல்லிவிடுகிறதே, நிறுவியாயிற்று என்று. நாலு நத்தையை விட்டுவிட்டு அப்படி எழுத முடியாது. 'மீள்விடுவிப்பு'ம் ஆகாது, கிணற்றில் பிடித்த பாம்பைக் காட்டில் விடுவதற்கும் அதையே சொல்வார்கள்.

ஒருவரை ஒரு வீட்டில் 'குடிவைத்தார்கள்' என்கிறோம். வைத்தவர் வேறு, வைக்கப்பட்டவர் வேறு என்பது அதிலேயே தெரிகிறது. குடி போனவர் அங்கேயே நிலைத்தாரா என்று அது சொல்வதில்லை. செயலுக்கு 'மீள்குடிவைப்பு', நிலைத்தால் 'குடியமர்வு'. எஞ்சிய கூட்டத்தில் கூட்டி விடுவதற்குக் 'குடிவலுவூட்டல்', சொந்தப் பரப்புக்கு வெளியே விடுவதற்கு 'அயற்குடிவைப்பு'. வினையாகவும் ஓடும்: குடிவைத்தனர், குடிவைக்கப்பட்ட.

– ய.

-----

ய. அவர்களின் சொல்லைச் சோதித்துப் பார்த்தேன்.

"2002இல் அப்பர் மிடில் ஊற்றில் நத்தைகள் மீளக் குடிவைக்கப்பட்டன. குடியமர்வை உறுதிசெய்யத் தொடர்ந்து எண்ணினர்." நன்றாகவே நிற்கிறது. கூண்டில் வளர்த்து விடுவதற்கும் பொருந்துகிறது. லண்டன் விலங்குக்காட்சிசாலை உள்ளிட்ட இடங்களில் வளர்த்த பார்டுலா நிலநத்தைகளை 2015 முதல் தாஹித்தி, மூரேயா தீவுகளில் ஓட்டில் வண்ணப்புள்ளி வைத்து விடுகிறார்கள், அதுவும் மீள்குடிவைப்புதான்.

'அயற்குடிவைப்பு' மட்டும் உறுத்துகிறது. தொட்டிமீன் கடைக்காரர் வேற்றுநாட்டு மீனை ஊற்றில் கொட்டுவதையும் அப்படி எழுதிவிடுவார்கள். 'காப்புக்கான' என்ற அடை சேர்க்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று குறிப்பில் எழுத வேண்டும்.

– மு.

-----

மூன்று சொற்களும் மு. சொன்ன குறிப்போடு நான்காவதும் பட்டியலில் ஏறிவிட்டன. 'இடமாற்றம்' என்பதற்கு முன்னால் 'காப்பு' சேர்த்துக் 'காப்பிடமாற்றம்' என்று பொதுத் தலைப்பு வைத்திருக்கிறேன். அரசு ஊழியரின் இடமாற்றத்தோடு குழம்பாது. அடுத்தது 'சோர்ஸ் பாப்புலேஷன்', அதாவது விடுவதற்கான உயிர்களை எடுக்கும் கூட்டம். மு. எழுதிய 'தாய் ஊற்று' அழகுதான், ஆனால் அது இடத்தைக் குறிக்கிறது, கூட்டத்தை அல்ல. 'தாய்க்கூட்டம்' எப்படி?

– செ.