லாயலிஸ்ட்: ‘ராஜவிசுவாசி’யா, ‘முடிசார்ந்தோ’ரா?

நண்பர்களே,

அமெரிக்க விடுதலைப் போரின்போது (1775–1783) கிளர்ச்சியில் சேராமல் பிரித்தானிய மன்னரின் பக்கமே நின்றவர்களைக் குறிக்கும் ‘லாயலிஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக இங்கே முன்வைக்கப்பட்ட ‘ராஜவிசுவாசி’ நாவுக்குப் பழகிய சொல்தான். ஆனால் விசுவாசம் என்றதும் நன்றியும் பக்தியுமே மனத்தில் எழுகின்றன. அம்மக்கள் எல்லாரும் பக்தியால் அப்பக்கம் போனவர்கள் அல்லர்.

கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான பெஞ்சமின் பிராங்கிளினின் மகனும் நியூ ஜெர்சியின் கடைசி அரச ஆளுநருமான வில்லியம் பிராங்கிளினுக்கு அச்சொல் பொருந்தும்; தந்தையின் உறவை இழந்து, சிறையிலும் கிடந்து, 1782-இல் இங்கிலாந்துக்குப் போன அவர் கடைசிவரை மன்னரை விடவில்லை. ஆனால், கிளர்ச்சிக்கார எசமானர்களிடமிருந்து தப்பிவந்து அரசப் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று வர்ஜீனிய ஆளுநர் டன்மோர் 1775-இல் அறிவித்ததை நம்பி ஓடிவந்த கறுப்பின மக்கள் நாடியது விடுதலையைத்தானே ஒழிய மன்னரை அன்று. போருக்குப் பின் இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட அவர்களில் பலருக்கு, வாக்களித்த நிலம் கிடைக்கவேயில்லை. 1792-இல் ஏறத்தாழ 1,200 பேர் மறுபடியும் கப்பலேறி, மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் ஃப்ரீடவுன் நகரை அமைத்தார்கள். மோஹாக் என்னும் அமெரிக்கப் பழங்குடியின் தலைவர் ஜோசப் பிராண்ட் தம் மக்களின் நிலத்தைக் காக்கவே ஆங்கிலேயரோடு நின்றார். போரை முடித்துவைத்த 1783-இன் பாரிஸ் உடன்படிக்கையோ அம்மக்களைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆகவே காரணத்துக்குள் புகாமல், நின்ற பக்கத்தை மட்டும் காட்டும் ‘சார்தல்’ என்னும் வினையிலிருந்து ‘முடிசார்ந்தோர்’ என்று அமைக்கலாம் என்பது என் கருத்து. ‘முடிச்சார்பினர்’ என்றும் எழுதிப் பார்த்தேன். கண் அதை ‘முடிச்சு’ என்று படித்துத் தடுக்குகிறது. ‘முடியாட்சியர்’ என்பது ஆட்சிமுறை பற்றிய கொள்கையைக் குறிப்பதால் அதை ‘ராயலிஸ்ட்’ என்பதற்கு விட்டுவைப்பதே நல்லது. ‘புலம்பெயர்ந்தோர்’ சரிவராது: வெளியேறியவர்கள் சுமார் 60,000 பேர்தாம், பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஒரேயொரு விலக்கு. உடன்படிக்கைக்கு முன்பே அரசப் படையோடு சேர்ந்து, பின்னர்க் கனடாவில் குடியேறியவர்களையும் அவர்களுடைய வழித்தோன்றல்களையும் தனியே சிறப்பிக்க 1789-இல் அங்கே பிரித்தானிய ஆளுநராக இருந்த டார்செஸ்டர் பிரபு ஏற்படுத்திய ‘யுனைட்டட் எம்பயர் லாயலிஸ்ட்’ என்னும் அடையாளம் பெருமைக்காகவே சூட்டப்பட்டது. அதைப் ‘பேரரசு ஒருமைப் பற்றாளர்’ என்று பற்றோடேயே எழுதிவிடலாம்.