ஜவ்வாது மலைச் சாமை: டிரஸ்ட்டா, பிரைவேட் லிமிடெட்டா?

மலைச்சரிவு:
ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை விளைவிக்கும் குடும்பங்களோடு சேர்ந்து ஒரு சமூக நிறுவனம் தொடங்கப் போகிறேன். இப்போது சாமை உமியோடு மூட்டையாக மலையிறங்குகிறது. தோல் நீக்கி அரிசியாக்கும் லாபம் கீழே உள்ள ஆலைகளுக்குப் போகிறது. கல் நீக்கும் மெஷினும் தோல் நீக்கும் மெஷினும் மலையிலேயே போட வேண்டும் என்பது திட்டம். என் சேமிப்பைப் போடத் தயார். எப்படிப் பதிவு செய்யலாம்?

வைகைக்கரை:
டிரஸ்ட்தான், தம்பி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். பணம் கட்டுகிறவர்கள் தரும் வருமானத்தில்தான் இலவச அறுவைச் சிகிச்சையும் நடக்கிறது. 1992இல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே செய்து விலையை இறக்கினார்கள். பங்குதாரர்கள் இருந்திருந்தால் அந்த உபரியை டிவிடெண்டாகக் கேட்டிருப்பார்கள். பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய சி.எஸ்.ஆர். பணமும் டிரஸ்ட், சொசைட்டி, லாபத்தைப் பங்கிடாத பிரிவு 8 கம்பெனி போன்றவற்றுக்குத்தான் வரும். சாதாரண பிரைவேட் லிமிடெட்டுக்கு வராது.

கணக்கர்:
அரவிந்த் செய்வது மருத்துவம், அது வரிச் சட்டத்தில் தனி வகை. இவர் அரிசி விற்கப் போகிறார். பொதுப்பயன் என்ற வகையில் வரும் அறக்கட்டளைக்கு வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டு வரிவிலக்கு போய்விடும். ஏழைகளுக்கான உதவி என்று வாதாடலாம்தான், ஆனால் தொடங்கும்போதே வழக்கு எதற்கு?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. சி.எஸ்.ஆர். மெஷின் வாங்கித் தரும். சாமை வாங்க யார் பணம் தருவார்கள்? அறுவடை ஒரு தடவை, விற்பனை வருடம் முழுக்க. களத்திலேயே காசு எண்ணிக் கொடுக்காவிட்டால் முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தான் மூட்டை போகும். அதற்கு முதலீட்டாளர் வேண்டும். முதலீட்டாளர் வர பிரைவேட் லிமிடெட் வேண்டும்.

வைகைக்கரை:
அந்தப் பணம் எங்கே இழுத்துப் போகும் என்று ஆந்திராவில் பார்த்தோமே! ஏழைகளுக்குச் சிறு கடன் தரும் தொண்டு அமைப்பாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்குப் போனது. அதே அக்டோபரில், நுண்கடன் வசூல் கெடுபிடி, தற்கொலைச் செய்திகளைத் தொடர்ந்து ஆந்திர அரசு இந்தத் துறை முழுவதற்கும் அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. வங்கதேசத்தில் ஏழைகளுக்கான கிராமீன் வங்கியைத் தொடங்கிய முகமது யூனுஸ் சொல்லும் சமூகத் தொழிலில் முதல் போட்டவர் அசலை மட்டும்தான் திரும்ப எடுக்க முடியும். அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் ‘சமூக’ என்ற சொல்லைப் பெயரில் வைக்காதீர்கள்.

பொன்னி:
இரண்டு அண்ணன்களும் பணம் போடுகிறவரைப் பற்றியே பேசுகிறீர்கள். விளைவிக்கிறவர் எங்கே? சாமைக்கு என்ன விலை என்று டிரஸ்ட்டில் அறங்காவலர் முடிவு செய்வார், பிரைவேட் லிமிடெட்டில் பங்குக்காரர் முடிவு செய்வார். மலைக்காரர் இரண்டிலும் மூட்டை கொண்டுவருகிறவர் மட்டும்தான். உற்பத்தியாளர் கம்பெனி என்று சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 10 விவசாயிகள் போதும், பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. குஜராத்தின் கெய்ராவில் 1946இல், பிறகு அமுல் என்று பெயர் பெற்ற பால்காரர்கள் சங்கம் தொடங்கியபோது உரிமை அவர்களுடையது. குரியன் பிறகு வந்து சேர்ந்த மேலாளர்.

மலைச்சரிவு:
அக்கா, அப்படியானால் என் சேமிப்பு? நான் விவசாயி இல்லை, உறுப்பினராகவே முடியாதே.

பொன்னி:
மெஷினை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். கம்பெனி கிலோவுக்கு இவ்வளவு என்று அரவைக் கூலி தரட்டும். போட்ட காசு அதில் திரும்பும், சாமையின் விலை மட்டும் அவர்கள் கையில் இருக்கும். முதல் வருடம் எல்லார் விளைச்சலையும் வாங்கப் போகாதீர்கள். தோல் நீக்கிய அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். உமியோடு இருந்தால் வருடக்கணக்கில் நிற்கும். ஆர்டர் வரவர அரைத்தால் போதும்.

கணக்கர்:
அரவைக் கூலி யோசனை நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உமியோடு வைத்தாலும் அந்த மூட்டைக்கு அறுவடை அன்றே காசு தர வேண்டும் தங்கச்சி. மூட்டையைக் கிடங்கில் வைத்ததற்குத் தரும் ரசீதை அடமானமாகக் காட்டி வங்கிக் கடன் வாங்கலாம். அதற்கு அங்கீகாரம் பெற்ற கிடங்கு வேண்டும், அது பெரும்பாலும் மலைக்குக் கீழேதான் இருக்கும். தம்பி, பதிவு அலுவலகத்துக்குப் போகுமுன் மூட்டை விலை, கிடங்கு வாடகை, வண்டிக் கூலி, வட்டி எல்லாம் போட்டு ஒரு பருவத்துக்கு எவ்வளவு ஆகும் என்று இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் கருத்தை மாற்றுவேன்.