மறு: ரிங் ஷவுட்டுக்குத் தமிழில் என்ன?

> ‘வட்டக் கூச்சல்’ என்று போட்டுவிடலாமே, சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறதுதான் ஐயா, ஆனால் நான் தமிழ்ச் சொல் தேடும் ரிங் ஷவுட் ஒரு வழிபாடு; அதில் ‘ஷவுட்’ என்பது கூச்சலைக் குறிக்கவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள், ஜெபம் முடிந்ததும் பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டு, பாதத்தைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து வட்டமாக நகர்வார்கள். அந்த நகர்வுக்குத்தான் ‘ஷவுட்’ என்று பெயர். மக்காவிலுள்ள கஅபாவை ஒருமுறை சுற்றுவதைக் குறிக்கும் ‘ஷவ்த்’ என்ற அரபுச் சொல்லோடு மொழியியலாளர் லாரன்சோ டர்னர் இதை இணைத்தார். எல்லோரும் ஏற்கவில்லை; ஆனாலும் கூச்சலைவிட இது நெருக்கம்.

> அப்படியானால் கும்மி? வட்ட ஆட்டம்?

அக்கா, ஆட்டம் என்றால் அவர்களே மறுப்பார்கள். சபையில் ஆடுவது பாவம். ஒரு கால் இன்னொரு காலைக் குறுக்கே தாண்டினால் ஆட்டம், தாண்டாதவரை வழிபாடு. கணக்கு அவ்வளவு கறார்.

நான் மொழிபெயர்ப்பது சோரா நீல் ஹர்ஸ்டன் பற்றிய கட்டுரை. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர், நாடகக்காரர், ஃபிரான்ஸ் போவாஸிடம் மானிடவியல் படித்தவர். 1932இல் நியூயார்க்கில் ‘தி கிரேட் டே’யை மேடையேற்றினார்: ரயில்பாதை முகாம் தொழிலாளர்களின் ஒரு நாள், விடியலிலிருந்து நள்ளிரவு வரை. அதில் வரும் பஹாமாஸ் ‘நெருப்பு நடனம்’ எனக்குச் சிக்கல் தரவில்லை. ரிங் ஷவுட்டில்தான் பேனா நின்றுவிட்டது.

சுற்றுவது எப்போதும் இடப்பக்கமாக. ‘வலம் வருதல்’ போல ‘இடம் வருதல்’ என்று வைக்க ஆசைதான், பஸ்ஸில் சீட் கிடைத்த மாதிரி ஒலிக்கிறதே! அதனால் இடச்சுற்று.

> இடப்பக்கம் சுற்றுவது நமக்குச் சாவுச் சடங்காயிற்றே?

ஆமாம். ஆனால் ரிங் ஷவுட்டின் வேர்களில் ஒன்றாகச் சொல்லப்படும் மத்திய ஆப்பிரிக்கக் கொங்கோ மரபில் அது சூரியனும் உயிரும் முன்னோர்களும் போகும் திசை. அந்த உறுத்தல் இருந்துவிட்டுப் போகட்டும். நம் வசதிக்காகத் திசையை மாற்ற முடியாது.

அப்புறம், சேர்ந்து பாடிக் கைதட்டுகிறவர்களுக்குக் கூத்திலிருந்தே ‘பின்பாட்டுக்காரர்’ கிடைத்துவிட்டது. துடைப்பக் கட்டையால் மரத்தரையைத் தட்டித் தாளம் கொடுப்பவர் ஒருவர் உண்டு (1739இல் அடிமைகள் நடத்திய ஸ்டோனோ கிளர்ச்சிக்குப் பின் தென் கரோலினாவில் அவர்களுக்கு முரசு தடை). ‘கோல்காரர்’ என்றால் கோலாட்டம் வந்து நிற்கிறது. ‘தரைக்கோல்காரர்’ சரிப்படுமா? நல்ல சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், கட்டுரை அச்சுக்குப் போகிறது.