மணல் சலிக்கும் உளுவை: சுங்கை சிப்புட் (மலேசியா, பேரா மாநிலம்) அனுபவங்கள்

செம்பனை

நம்ம ஊரில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற புகார் இது: டைமண்ட் கோபி என்கிற உளுவை மீன் மணலைப் பளிச்சென்று ஆக்கிவிட்டு இரண்டு, மூன்று மாதத்தில் செத்துப்போகிறது. பெரும்பாலும் நோய் காரணமில்லை, பட்டினி. மணலை வாயால் அள்ளிச் செவுள் வழியாக உதிர்க்கும்போது அது தேடுவது அழுக்கை அல்ல, உள்ளே இருக்கும் கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிர்களையும் சிறு புழுக்களையும்தான். 4 அடித் தொட்டியில் அந்த இரை சில வாரத்தில் தீர்ந்துவிடும். மணல் வெள்ளைவெளேர் என்று ஆகும்போதே மீன் இளைக்கத் தொடங்கியிருக்கும்.

வயிற்றைத் தினமும் பாருங்கள். அடிவயிறு உட்குழிந்து, உடம்பைவிடத் தலை பெரிதாகத் தெரிந்தால் தீனி போதவில்லை. உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிறு உயிர்) தீனியைக் கரைத்து, வடிகட்டி, ஒரு நாளைக்கு 3 வேளையாவது கொடுக்க வேண்டும். 10 நிமிடம் பம்பை நிறுத்திவிட்டு, நீளமான குழாயால் வளை வாசலிலேயே விடுங்கள். மேலே தூவினால் மற்ற மீன்கள் பிடுங்கிக்கொள்ளும். பசாரில் வாங்கும் பச்சை இறாலைப் பொடியாக நறுக்கியும் போடலாம். நெத்திலிக் கருவாடு மட்டும் வேண்டாம், உப்பிட்டது.

வாங்கும்போது கடைக்காரரைத் தீனி போடச் சொல்லி, அது தின்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

தோட்டத்துப் பிள்ளை

அண்ணே, என்னிடம் இருப்பது 2 அடித் தொட்டி. ஆற்று மணல் போட்டு வைக்கலாமா?

செம்பனை

வேண்டாம் தம்பி. 2 அடியில் அதற்கு மேய இடமே இல்லை. 200 லிட்டருக்குக் குறையக் கூடாது. ஆற்று மணலில் கூரான துகள் இருந்தால் வாயும் செவுளும் புண்ணாகும். பேராவில் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைப் பக்கத்து மணல் என்றால் உலோகம் கலந்திருக்கலாம், தொடவே தொடாதீர்கள். 1 மி.மீ. அளவு அரகொனைட் (கடல் சுண்ணாம்பு) மணல் நல்லது. பவளத் துண்டு ஜல்லி ஆகாது.

கடற்கரைக்காரி

அண்ணன் தீனியைச் சொல்லிவிட்டார், நான் கல்லைச் சொல்கிறேன். முதலில் கல்லை நேராகக் கண்ணாடி மேல், அல்லது பிவிசி கால்கள் மேல் நிறுத்த வேண்டும். மணல் அதற்குப் பிறகுதான். மணல் மேல் கல் வைத்தால் உளுவை அடியைக் குடைந்துவிடும், கல் சரிந்து மீனே நசுங்கும். 120-க்கு 45 செ.மீ. அடித்தளத்தில் 6 செ.மீ. உயரத்துக்கு மணல் போட 45 முதல் 50 கிலோ வரை பிடிக்கும்.

பல வருடமாகக் கலைக்காத ஆழமான மணலில் திடீரென்று இதை விடாதீர்கள். கிண்டும்போது அழுகிய முட்டை வாடை வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு வெளியேறுகிறது என்று அர்த்தம். பவளத்தை மணலில் வைக்காமல் மேல் கல்லில் ஒட்டுங்கள். காந்தத் துடைப்பானை மணலோரம் இறக்க வேண்டாம், ஒரு துகள் சிக்கினாலும் கண்ணாடியில் கீறல் விழும்.

மருந்துத் தொட்டியிலும் படுக்க மணல் வேண்டும், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். செம்பு மருந்து என்றால் அரகொனைட் அதை உறிஞ்சிவிடும், அப்போது சிலிக்கா மணல்தான்.

மாலை மழை

மத்தியான வெயிலில் தகரக் கூரை வீட்டில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். 25 முதல் 27 வரைதான் இதற்குச் சரி. மின்விசிறி 2, 3 டிகிரி இறக்கும், ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ (வடிகட்டிய) நீர் ஊற்றி, உப்பு அளவைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.025-இல் நிறுத்துங்கள். ஈப்போவிலிருந்து கொண்டுவரும்போது பையைக் கார் பூட்டில் வைக்காமல் நுரைப்பெட்டியில் வையுங்கள். கடை நீரில் உப்புக் குறைவாக இருக்கலாம், ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டாக மாற்றுங்கள்.

மூடி கட்டாயம். 6 மி.மீ. வலையை இழுத்துக் கட்டி, குழாய் நுழையும் மூலை இடுக்கையும் பஞ்சால் அடையுங்கள். விளக்கு அணைந்ததும் குதித்தால் இது அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியே விழும்.