மைனஸ் 29ல் கதவைத் தட்டினார்கள். உள்ளே கூப்பிட்டால் வரவில்லை, டீயும் வேண்டாமாம். யார் இவர்கள்?

வினிபெக் வித்யா:
எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியிலிருந்து கனடா வந்து, வினிபெக்கின் ஃபோர்ட் ரிச்மண்ட் பகுதியில் எங்களுக்கு இது முதல் குளிர்காலம். நேற்று சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், நல்ல இருட்டு. கதவைத் திறந்தால் கோட்டின் மேல் கறுப்புப் பெயர்ப்பட்டை வைத்த இரண்டு பையன்கள். என் தம்பி வயதுகூட இருக்காது. ஒருவனுக்குக் கண்ணிமை முடியெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. இயேசு கிறிஸ்துவைப் பற்றிப் பேச வந்தோம் என்றார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. ஆனால் அந்தக் குளிரில் நிற்க வைக்க மனசு கேட்கவில்லை. உள்ளே வாங்க, டீ போடுகிறேன் என்றேன். "வீட்டில் வேறு யாராவது பெரியவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டான். என் கணவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை என்றதும், வாசலிலேயே நிற்கிறோம் என்றுவிட்டார்கள். டீயும் வேண்டாமாம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. சரி, அடுத்த வாரம் வாங்க என்று சொல்லி அனுப்பினேன். இவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பீளமேட்டு எல்டர்:
வித்யா அக்கா, பயப்பட வேண்டாம். நான் கோயம்புத்தூர்ப் பையன். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் பிரோவோவில் பயிற்சி முடித்து, வினிபெக் மிஷனில்தான் ஊழியம் செய்தேன். நீங்கள் பார்த்தவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் மிஷனரிகள். ஊரில் மார்மன் என்பார்கள்.

பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் எல்டர்கள் (ஆண் மிஷனரிகளை அப்படித்தான் அழைப்போம்) போகக் கூடாது. வயது வந்த ஆண் ஒருவர் கூட இருந்தால்தான் போகலாம். மைனஸ் 40 ஆனாலும் இதே விதிதான். உங்களுக்கும் பாதுகாப்பு, அவர்களுக்கும் பாதுகாப்பு. நான் இன்றைக்கும் இதை மதிக்கிறேன். டீ, காபி, மது, புகையிலை சபையில் கிடையாது. அதனால்தான் அதையும் வேண்டாம் என்றார்கள்.

அவர்களுடைய வாரம் எப்படிப் போகும் என்று சொன்னால் அந்த உறைந்த கண்ணிமை புரியும். திங்கள் பகல்தான் அவர்களுக்கென்று இருக்கும் பொழுது. துணி துவைப்பது, மளிகை வாங்குவது, வீட்டுக்குப் பேசுவது. 2019 பிப்ரவரிக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான் வீட்டோடு பேச முடியும். அப்புறம்தான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று ஆனது. வினிபெக்கில் காலை என்றால் கோவையில் ராத்திரி. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்துகொண்டு அம்மா முதலில் கேட்பது "காதை மூடுறியா இல்லையா?" என்றுதான்.

மற்ற நாட்களில் காலை 6.30க்கு எழ வேண்டும். வேதம் வாசிப்பு, ஜெபம், ஜோடியோடு, அதாவது கூட ஊழியம் செய்கிற இன்னொரு மிஷனரியோடு சேர்ந்து படிப்பு, அப்புறம் தெரு. டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும். ஜனங்கள் வேலை விட்டு வீடு வருவதோ அதற்குப் பிறகு. கதவைத் திறக்க ஆள் இருக்கும் நேரம் பார்த்துத்தான் குளிரும் ஏறும்.

மைனஸ் 20 தாண்டினால் மூக்குக்குள் முடி உறைந்து குத்தும். பால்பாயிண்ட் பேனா எழுதாது, முகவரியெல்லாம் பென்சிலில்தான் குறிப்போம். பேட்டரி பாதி இருக்கும்போதே போன் அணைந்துவிடும் என்பதால் உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருப்போம். முக்கியமான வேலை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நடப்பது. தோல் உறைய ஆரம்பித்த இடம் மரத்துப்போகும், வலிக்காது, நமக்கே தெரியாது. ஐடஹோவிலிருந்து வந்த என் ஜோடிக்கு அது வெள்ளைத் திட்டாகத் தெரியும். என் நிறத்தில் அப்படித் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அவன் தெருவிளக்குக்குத் தெருவிளக்கு நின்று என் கன்னத்தை உற்றுப் பார்ப்பான். "இடது பக்கம்" என்றால் உடனே கையுறையைக் கழற்றி உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் கடைக்குள் ஒதுங்கிவிடுவோம். காற்றோடு சேர்த்துக் குளிர் மைனஸ் 40ஐத் தொட்டால் மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறையலாம் என்று கனடா வானிலைத் துறையே எச்சரிக்கும். அந்த மாதிரி நாட்களில் வெளியே நடக்க வேண்டாம் என்று மிஷன் தலைவரிடமிருந்து செய்தி வந்துவிடும். அறையில் இருந்தபடி போனில்தான் வேலை.

பனி கொட்டிய மறுநாள் எனக்கு மிகவும் பிடிக்கும். தெருவை வழித்துக்கொண்டு போகிற நகராட்சி வண்டி, வீட்டுக் கார்ப்பாதை முனையில் பனியை வரப்பாக ஒதுக்கிவிட்டுப் போகும். கொஞ்ச நேரத்தில் அது கல்லாக இறுகிவிடும். வயதானவர்களால் அதை உடைக்க முடியாது. நாங்கள் ஷவலை எடுத்துக்கொண்டு போய் வாரிக் கொடுப்போம். காசு வாங்க மாட்டோம், அந்த நேரத்தில் பிரசங்கமும் கிடையாது. மேப்பிள்ஸ் பக்கம் ஒரு பிலிப்பினோ குடும்பம், வேலை முடிந்ததும் கணவனும் மனைவியுமாக எங்களை உட்கார வைத்து இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி கொடுப்பார்கள். ரசம் கிடைக்காத ஊரில் அந்தக் கஞ்சிதான் எனக்கு ரசம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று உரிமையோடு கேட்கிறேன் அக்கா. விருப்பமில்லை என்றால் வாசலிலேயே "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சங்கடப்பட்டுச் சொன்ன "அடுத்த வாரம்" அவர்களுடைய வாரத் திட்டத்தில் ஏறியிருக்கும். கார் இல்லாத ஜோடி என்றால் உங்கள் ஒரு வீட்டுக்காக பஸ் மாறி வந்து நிற்பார்கள். வேண்டாம் என்று கேட்டு எனக்கு ஒருநாளும் மனம் கசந்ததில்லை. வரச் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே சத்தம் போடாமல் இருந்த வீடுகளைத்தான் மறக்க முடியவில்லை.

சஸ்கட்டூன் செல்வம்:
தம்பி, நன்றாக எழுதினீர்கள். ஆனாலும் அழைக்காமல் வீடு தேடி வந்து மதம் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. அதுவும் 18, 19 வயதுப் பிள்ளைகளைச் சம்பளமில்லாமல் இந்தக் குளிரில் அனுப்புவது என்ன நியாயம்?

பீளமேட்டு எல்டர்:
செல்வம் அண்ணா, கேட்க வேண்டிய கேள்விதான். சம்பளம் கிடையாது, செலவும் எங்களுடையது. எனக்கு அப்பா மாதா மாதம் பணம் கட்டினார். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். பையன்களுக்கு இது கடமை என்று சொல்லித்தான் சபையில் வளர்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பின் பாரத்தைச் சுமந்துகொண்டு வந்தவர்களோடும் நான் தங்கியிருக்கிறேன், அவர்கள் படும் பாடு கஷ்டம்தான். பாதியில் வீடு திரும்புகிறவனை ஊர் குறைவாகப் பேசக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. நான் விரும்பித்தான் போனேன். என் வாழ்க்கையை மாற்றிய ஒன்றை இன்னொருவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அழைக்காத வீட்டில் கேட்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தால் நாங்கள் தட்டாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம்.

எட்மண்டன் ராஜி:
எங்கள் பேஸ்மெண்ட்டில் இவர்கள்தான் வாடகைக்கு இருந்தார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை யாராவது மாற்றலாகிப் போவார்கள், புதுப் பையன் வருவான். ராத்திரி 10.30க்கு விளக்கு அணைந்துவிடும். கார் எஞ்சின் உறையாமல் இருக்க இரவெல்லாம் பிளக்கில் சொருகி வைக்க வேண்டுமே, அதற்கு எங்கள் கராஜிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்திருந்தோம். வித்யா, டீக்குப் பதில் சுக்குமல்லிக் காபி கொடுத்துப் பாருங்கள். சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும், காபித்தூள் போடாமல். எங்கள் பையன்கள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடிப்பார்கள். காபி என்ற பேரைக் கேட்டுத் தயங்கினால் என்னென்ன போட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள், போதும்.

வினிபெக் வித்யா:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், அவர்கள் கொடுத்த அட்டையில் எண் இருக்கிறது. மதம் வேண்டாம், ஆனால் ஒருநாள் சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

பீளமேட்டு எல்டர்:
தாராளமாகக் கூப்பிடுங்கள் அக்கா, இரண்டையும் ஒரே செய்தியில் எழுதிவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் இருக்கும் நாளாகச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கே சாப்பாடு என்றால் சௌகரியம், இரவு நேரத்தோடு அறைக்குத் திரும்ப வேண்டும். சாம்பாரில் மட்டும் மிளகாயைக் குறையுங்கள்.