உரிமக் கோப்பு இல்லாமல் கழிந்த ஒன்றரை வருடம்

கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்று விட்ட மென்பொருள், நடத்துபவர்கள் உரிமத்திலும், உதவி கேட்டு வருபவர்களிடமும் பட்டதைப் பகிரச் சொல்லியிருந்தீர்கள். என் கதை இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மளிகைக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் ஒன்றை எழுதி 2016-இல், நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டேன். தமிழில் ரசீது அடிக்க வேண்டும், அதுதான் ஆசையே. கடைகளில் இருக்கும் 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. 'துவரம்பருப்பு' என்று அனுப்பினால் வெறும் கேள்விக்குறிகள் வரும். அதனால் ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்து புள்ளி புள்ளியாக அனுப்பும் ஒரு பகுதியை எழுதினேன். 'கொத்தமல்லி'யின் கொம்பும் காலும் ககரத்துக்கு இருபுறமும் சரியாக உட்கார்ந்து வந்த முதல் காகிதத்தை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன். எழுத்து பாதி மங்கிவிட்டது.

ஒன்றரை வருடம் உரிமக் கோப்பே போடவில்லை. பொதுவில்தானே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு கல்லூரி ஆசிரியரின் மின்னஞ்சல் வந்தபிறகுதான் உறைத்தது. மாணவர்களை வைத்து இதில் வேலை செய்ய ஆசை, ஆனால் உரிமம் எதுவும் இல்லையே, தொடலாமா என்று கேட்டிருந்தார். அவர் கேட்டது சரி. உரிமம் எழுதாத நிரலின் முழு உரிமையும் எழுதியவரிடமே இருக்கும். மற்றவர்கள் படித்துப் பார்க்கலாம், ஆனால் எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்க்கவோ, மாற்றி வெளியிடவோ அனுமதி கிடையாது. அன்றிரவே ஜிபிஎல் 3 போட்டேன். யாரும் எடுத்து மாற்றலாம், விற்கலாம், ஆனால் வெளியே கொடுத்தால் நிரலையும் இதே உரிமத்தில் கொடுக்க வேண்டும் என்கிற உரிமம் அது.

உண்மையான அலைச்சல் 2021-இல் வந்தது. டோக்கன் எந்திரம் செய்யும் ஒருவர், அச்சடிக்கும் பகுதி மட்டும் வேண்டும் என்றார். ஜிபிஎல்லில் இருப்பதைச் சேர்த்து விற்றால் அவருடைய முழு நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டியிருக்கும். அந்தப் பகுதியை மட்டும் பிரித்து, மூடிய மென்பொருளிலும் சேர்க்க விடும் எம்ஐடி உரிமத்தில் கொடுத்தால் தமிழில் அச்சடிக்கும் எல்லோருக்கும் பயன்படுமே என்று நினைத்தேன். ஆனால் அதில் என்னோடு பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். அவரவர் வரிக்கு அவரவர் உரிமையாளர். ஜிபிஎல்லில் கொடுத்ததை நான் மட்டும் முடிவெடுத்துத் தளர்த்த முடியாது.

ஒன்பது பேர் ஒரே வாரத்தில் சரி என்றார்கள். ஒருவருடைய கல்லூரி மின்னஞ்சல் செத்துப்போயிருந்தது. இன்னொருவர் மரியாதையாக மறுத்துவிட்டார். அந்த இருவரின் பகுதிகளையும், நகல் என்று ஆகிவிடாமல் இருக்க, பழையதைப் பார்க்காத ஒரு நண்பரை வைத்துப் புதிதாக எழுத வைத்தேன். நான்கு மாதம் போனது. படம், பாட்டு ஓட்டும் விஎல்சி பிளேயர்காரர்கள் 2012-இல் இதே வேலையை 200-க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்து முடித்திருக்கிறார்கள். அவர்களும் ஜிபிஎல்லிலிருந்து, அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாறத்தான் அப்படி அலைந்தார்கள். அந்தக் கதையைப் படித்துத்தான் எனக்குத் தெம்பே வந்தது.

இப்போது யார் நிரல் அனுப்பினாலும், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 2004-இலிருந்து இருப்பதுபோல, "இது என்னுடையது, இந்த உரிமத்தில் தருகிறேன்" என்று ஒப்பம் கேட்கிறோம். உரிமத்தை நாளை என் இஷ்டத்துக்கு மாற்ற அந்த ஒப்பம் எனக்கு அதிகாரம் தராது. அந்த அதிகாரம் வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

அப்புறம் உதவி விஷயம். ஒரு வியாபாரி இதை நாற்பது கடைகளில் போட்டுக் காசு வாங்கியிருக்கிறார். அதில் தப்பே இல்லை, ஜிபிஎல் அனுமதிக்கிறது. ஆனால் உதவி எண் என்று என் கைபேசி எண்ணை ஒட்டிவிட்டார். தீபாவளிக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு ஒரு அம்மா, "தம்பி, பில்லு வரலப்பா, கடை நிறைய ஆள் நிக்குது" என்றார். குரலில் அழுகை. காகிதச் சுருளைத் திருப்பி மாட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அவரிடம் கோபப்பட முடியுமா?

'உத்தரவாதம் இல்லை' என்று உரிமத்தில் எழுதியிருப்பது அந்த அம்மாவுக்காக எழுதியதல்ல. இணையத்தில் தரவை அனுப்பவும் வாங்கவும் உதவும் கர்ல் என்ற கட்டற்ற மென்பொருளை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு 2022 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனம், 24 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்று பாதுகாப்புக் கேள்விப் பட்டியல் அனுப்பியதே, அந்த மாதிரி ஆட்களுக்காக எழுதியது. அவர், ஆதரவு ஒப்பந்தம் போடுங்கள், பதில் சொல்கிறேன் என்றார். நாங்களும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்தோம். கடைசி இரண்டு பதிப்புகளுக்குத்தான் திருத்தம். பாதுகாப்புக் குறையைப் பொதுவில் எழுதாமல் தனி மின்னஞ்சலில் சொல்ல வேண்டும். கடைக்காரர்களுக்குச் சனிக்கிழமை காலை இருவர் இருப்போம், இலவசம். நிறுவிக் காசு வாங்கியவர் தன் எண்ணைத்தான் தர வேண்டும் என்பது வேண்டுகோள், கட்டாயப்படுத்த முடியாது. அந்த வியாபாரி மாற்றிவிட்டார்.

மறுமொழி:

அண்ணா, மறுத்தவன் நான்தான். இத்தனை நாள் கழித்துச் சொல்கிறேன். உங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லை. என் வரிகளை யாரும் மூடி வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் ஜிபிஎல் திட்டத்தில் எழுத வந்தேன். 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் பிஎஸ்டி உரிமத்தை விட்டு விலகியபோது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, எம்ஐடி போலவே தளர்வான அந்த உரிமம் அப்படி. அதே மாதம் அதன் பழைய நிரலிலிருந்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கி என்ற திட்டம் பிரிந்து வந்தது. நம்மைப் போன்ற சின்னத் திட்டம் மூடப்பட்டால் பிரித்தெடுத்து நடத்த யார் இருக்கிறார்கள்? நீங்கள் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அதனால்தான் பில் பகுதிக்கு இன்றும் நிரல் அனுப்புகிறேன்.

மறுமொழி:

எழுத்துருவையும் பாருங்கள். எங்கள் செயலியில் இணையத்தில் கிடைத்த ஒரு அழகான தமிழ் எழுத்துருவைச் சேர்த்திருந்தோம். அதை வடிவமைத்தவரே எழுதிக் கேட்டார், சொந்த உபயோகத்துக்கு மட்டும்தானே கொடுத்தேன் என்று. மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டு, எழுத்துருக்களுக்கான கட்டற்ற உரிமமான ஓஎஃப்எல்லில் இருக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டோம். ரசீதில் சின்ன அளவில் ணகரச் சுழி கொஞ்சம் அடைகிறது. அண்ணா, உங்கள் அச்சுப் பகுதியில் அதற்கு ஏதாவது வழி வைத்திருக்கிறீர்களா?