கட்டியைச் சுற்றி எதிர்ப்பு செல்கள் நிறைய இருந்தும் ரத்தக்குழாய்க்குள் எப்படிப் போனது?

உடுமலை_ரவி:
மாமனாருக்கு 64 வயது. ஹெபடைடிஸ் பி இருப்பது பல வருஷமாகத் தெரியும். ஈரலில் 4 செ.மீ. புற்றுநோய்க் கட்டி, போன மாதம் ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் இரண்டு வரி ஒன்றோடொன்று இடிக்கிறது. 'கட்டியின் ஓரத்தில் நோயெதிர்ப்பு செல்கள் அடர்த்தியாக உள்ளன' என்கிறது ஒரு வரி. 'நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் கட்டிச் செல்கள் உள்ளன' என்கிறது அடுத்தது. ஊர் முழுக்கப் போலீஸ் நிற்கும்போது திருடன் எப்படி பஸ் ஏறினான்? டாக்டரிடம் நிதானமாகக் கேட்க முடியவில்லை, பின்னால் இருபது பேர் நின்றார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான் என்கிறார் மச்சான். அப்படித்தானா?

பாரஃபின்:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, ஸ்லைடு போடுகிறவன். மெழுகுக் கட்டையை நாலு மைக்ரான் தடிமனில் சீவி, சாயம் ஏற்றிக் கொடுப்பது 19 வருஷமாக என் பிழைப்பு. அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வழக்கமான சாயத்தில் ஈரல் செல்கள் பெரிதாக, இளஞ்சிவப்பாகத் தெரியும். கட்டியின் ஓரத்தில் கடுகைக் கொட்டியது போல கருநீலப் புள்ளிகள் இருக்கும், அவை லிம்ஃபோசைட் என்ற எதிர்ப்பு வெள்ளையணுக்கள். உங்கள் ரிப்போர்ட்டில் 'அடர்த்தி' என்று எழுதியது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். சிக்கல் என்னவென்றால், எல்லாக் கடுகும் ஒரே மாதிரி இருக்கும். புற்றுநோய் செல்லைக் கொல்லும் சிடி8 டி செல் எது, அதைப் பிடித்து நிறுத்தும் ரெகுலேட்டரி டி செல் எது என்று இந்தச் சாயம் காட்டாது. கிருமியையும் செத்த செல்லையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு செல்களோ பல நேரம் கண்ணிலேயே படாது. சிடி68 என்ற தனிச் சாயம் ஏற்றினால்தான், ஒன்றுமே இல்லை என்று நினைத்த இடமெல்லாம் பழுப்புத் திட்டுகளாக எழுந்து வரும். முதல் தடவை பார்த்தபோது ஸ்லைடைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்தேன்.

இந்த மேக்ரோஃபேஜ்தான் உங்கள் கேள்விக்கான ஆள். ஈரலுக்கு இது புதிதல்ல. உடம்பின் திசுக்களில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்களில் பெரும்பங்கு ஈரலில்தான் இருக்கிறது, குஃபர் செல் என்பார்கள். குடலில் இருந்து போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக வருகிற ரத்தத்தில் பாக்டீரியாத் துணுக்குகள் வந்துகொண்டே இருக்கும். அத்தனைக்கும் சண்டைக்குப் போனால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஈரல் வீங்கும். அதனால் கண்டும் காணாமல் விடுவது ஈரலின் சுபாவம். கட்டி வளர்வது இந்த சுபாவத்துக்குள்.

அதோடு கட்டி சிசிஎல்2 போன்ற ரசாயன சமிக்ஞைகளை விட்டு ரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்ற வெள்ளையணுக்களையும் வரவழைக்கிறது. வந்தவை மேக்ரோஃபேஜாக மாறி, விரலில் வெட்டுப்பட்டால் செய்கிற வேலையை ஆரம்பிக்கின்றன. செத்த செல்லை அள்ளுவது, விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புது ரத்தக்குழாய் இழுப்பது, நார்ப்பின்னலைத் தளர்த்துவது, அழற்சியை அடக்குவது. ஆகவே மச்சானிடம் சொல்லுங்கள், வேலி பயிரை மேயவில்லை. புண் என்று நினைத்து ஆற்றிக்கொண்டிருக்கிறது. ஹெரால்ட் டுவோராக் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1986லேயே கட்டிகளை 'ஆறாத புண்கள்' என்று எழுதினார். தளர்ந்த பின்னல், அரைகுறையாகக் கட்டிய கசியும் குழாய்: திருடனுக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரோடு போட்டாகிவிட்டது. போர்ட்டல் கிளைகளுக்குள் நுழைந்தால் ஈரலுக்குள்ளேயே வேறு இடத்தில் முளைக்கும். ஈரலைத் தாண்டினால் அதிகமாகப் போகிற இடம் நுரையீரல்.

கட்டியின் ஓரத்து மோனோசைட்டுகள் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி டி செல்லின் கையைக் கட்டிவிடுவதை குவாங்சோ நகரின் சன் யாட்-சென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். உங்கள் ரிப்போர்ட்டும் ஓரத்தைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஒரு வரியை வைத்து நல்லது கெட்டது முடிவு செய்ய முடியாது. சிடி8 செல்கள் கட்டிக்கு உள்ளே புகுந்திருந்தால் பொதுவாக நல்ல அறிகுறி.

மூலிகைமணி:
எல்லாம் எதிர்ப்பு சக்தி குறைவுதான். தினமும் சீந்தில் கஷாயம் கொடுங்கள், ஏறிவிடும்.

பாரஃபின்:
ஐயா, மேலே எழுதியதே எண்ணிக்கை குறைவில்லை என்பதைத்தான். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்து ஈரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். சொந்த எதிர்ப்பு செல்களே ஈரலைத் தாக்கிய மாதிரியான பாதிப்பு. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. ஈரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தவருக்கு வேண்டாம்.

நர்மதா_78:
எங்கள் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்ய முடியாத நிலை. 21 நாளுக்கு ஒரு தடவை இரண்டு மருந்து ட்ரிப்பில் ஏற்றினார்கள். அட்டிசோலிசுமாப் அந்த பிடி-எல்1 கட்டை அவிழ்க்க, பெவாசிசுமாப் விஇஜிஎஃப்பைத் தடுக்க. பாரஃபின் அண்ணா எழுதியதைப் படித்த பிறகுதான் ஏன் இரண்டு என்று புரிகிறது. ஆரம்பிக்கும் முன் எண்டோஸ்கோப்பி கட்டாயம் என்றார்கள், உணவுக்குழாயில் புடைத்த ரத்தநாளம் இருந்தால் இரண்டாவது மருந்தில் ரத்தம் கசியுமாம். அம்மா அந்தக் குழாயை விழுங்கச் சம்மதிக்கவே இரண்டு நாள் ஆனது. 501 பேரை வைத்து நடந்த ஆய்வு, 2020இல் வந்தது. ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் இந்த ஜோடி மருந்தில் 67 சதவீதம், பழைய சொராஃபெனிப் மாத்திரையில் 55.

உடுமலை_ரவி:
நன்றி அக்கா. அப்படியென்றால் மாமனாருக்கும் திரும்ப வராமலிருக்க இதையே கேட்கலாமா?

பாரஃபின்:
கேளுங்கள், ஆனால் இதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு இதே ஜோடியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் நன்றாக இருந்தது. கூடுதல் காலம் கவனித்து 2024இல் சொன்னபோது அந்தப் பலன் நிலைக்கவில்லை. ரத்தக்குழாய்க்குள் போயிருப்பதால் ஸ்கேனும், ஈரல் கட்டி திரும்புகிறதா என்று பார்க்கும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை என்பதை எழுதி வாங்குங்கள். ஹெபடைடிஸ் பி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். கட்டியை எடுத்தாலும் கிருமி அங்கேயேதான் இருக்கிறது.

உடுமலை_ரவி:
மாத்திரையா? ஆபரேஷன் முடிந்ததே என்று அவராகவே பத்து நாளாக நிறுத்தி வைத்திருக்கிறார், இப்போதுதான் கேட்டேன். டாக்டருக்கு போன் போடுகிறேன்.